வடக்க திரும்பிப் பாத்த இஞ்ஞாசி

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கடலுக்கு உப்புப் போட்டு முடிச்ச கையோட, கூனித்துறைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். உம் கொட்டுங்க, கொட்டாட்டி கதை கடலுக்குள்ள போயிரும்.

அந்த ஊருக்கு ஒரே ஒரு கரைவலை. நாப்பது வீட்டுக் கஞ்சியும் அதுக்குள்ளதான். வலையைக் கடல்ல வளைச்சுப் போட்டு, வட கயித்த இருபது பேரு, தென் கயித்த இருபது பேரு, கரையில நின்னு இழுக்கணும். ரெண்டும் ஒண்ணுபோல வரணும். ஒரு பக்கம் விட்டா வலை பாறையில மாட்டிக் கிழிஞ்சிரும்.

தென் கயித்துல பாட்டு எடுத்துக் குடுக்க தலையாளு இஞ்ஞாசி. ஆளு ஒரு முழம், குரலு ஒரு காதம். அவரு தும்முனா அடுத்த ஊர்க்காரன் "நூறாயுசு"ம்பானாம். வட கயித்துக்கு அவரு தங்கச்சி புருசன் சந்தியாகு. அந்தப் பக்கம் இஞ்ஞாசி திரும்பியே பாக்க மாட்டாராம். "அங்க என் மாப்ள நிக்கான், எனக்கு எதுக்குக் கண்ணு"ம்பாராம்.

மூணு மாசமா மீனு இல்ல. வட கயித்து ஆளுவ மொணங்குனானுவளாம். இஞ்ஞாசி என்ன செஞ்சாரு? பாட்டை இன்னும் ஒசத்திப் பாடுனாரு. காதுல விழலைன்னா மொணங்கலைன்னு அவரு நெனப்பு.

ஒரு நா காலையில சாளை மீனு கூட்டங்கூட்டமா வந்து கடலே கறுத்துப் போச்சு. வலை போட்டாச்சு. இழுக்காவ, இழுக்காவ, இழுத்துக்கிட்டே இருக்காவ.

"ஏலேலோ"ங்காரு. தெக்க "ஐலசா", வடக்க "ஐலசா".

"ஏலேலோ"ங்காரு. தெக்க "ஐலசா". வடக்க சத்தமில்ல.

திரும்பிப் பாத்தாரு. கயிறு பாம்புபோல கடலுக்குள்ள போவுது. சந்தியாகு முன்னால, பத்தொம்பது பேரு பின்னால, அடுத்த கரையைப் பாத்து நடக்கானுவ. அங்க ஒருத்தன் புது வலை வாங்கி, "நீ வந்தா நீதான் தலையாளு"ன்னு சந்தியாகுகிட்டச் சொன்னானாம். போறவன் வலை ஏறுன பொறவு போயிருக்கலாம். பாதியில விட்டுட்டுப் போனான்.

இஞ்ஞாசிக்கு, தங்கச்சியைக் குடுத்தோமே, கண்ணைக் குடுத்தோமேன்னு நெஞ்சு எரியுது.

"மாமா, கயித்த விடுங்க. அவனுவ காலை ஒடிச்சிட்டு வாரோம்"னானுவ தென் கயித்து ஆளுவ.

"காலை ஒடிச்சா கொழம்பு வைப்பியாலே? பத்துப் பேரு இங்க புடி, ஒம்பது பேரு என்கூட வா"ன்னுட்டு ஓடுனாரு. கயித்து நுனி தண்ணிக்குள்ள போவ, விழுந்து புடிச்சாரு. அரைப்படி மணலைத் தின்னாராம். பத்துப் பேரு புடிச்சும் கயிறு நிக்கல.

கரையில பொம்பளையளு நிக்காவ. அந்தக் காலத்துல பொம்பளை கயித்தத் தொடக் கூடாது. சந்தியாகு பொண்டாட்டி ரெத்தினா முன்னால வந்தா.

"அண்ணே, நான் புடிக்கட்டா?"

ஒரு கெழவன் சொன்னாராம், "பொம்பளை தொட்டா கடல் கோவிச்சுக்கும்."

"ஆம்பளை தொட்ட கயிறுதான் பெரியப்பா இப்பக் கடல்ல கெடக்கு"ன்னாரு இஞ்ஞாசி. "புடி தங்கச்சி."

புருசன் நின்ன எடத்துல அவ நின்னா. அவ பின்னால ஓடிப்போனவனுவ பொண்டாட்டியளு அம்புட்டுப் பேரும் நின்னாவ. பாதி மீனு போச்சு. வலை வந்துச்சு, ஒரு கண்ணு கிழியாம.

மீனைப் பங்கு வைக்கையில, "ஓடிப்போனவன் வீட்டுக்கும் பங்கா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"ஓடுனது வீடாலே? வீடு கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு"ன்னாரு. பொறவு மணல்ல உக்காந்து, மொத மொதலா மெதுவாப் பேசுனாராம். "அவன் செஞ்சது துரோகம். ஆனா அவனுவ மொணங்குனது எனக்குத் தெரியும். நான் பாட்டுப் போட்டு அமுக்கிட்டேன். இனிமே இழுக்க முன்னாடி கேப்பேன். போறவன் அப்பவே போலாம், ஏச மாட்டேன்."

மறுநாள்லருந்து கேட்டாரு. "நிக்கியா, போறியா?" ஒவ்வொரு ஆளா. ரெத்தினாதான் மொத ஆளா, "நிக்கேன்"னா.

சந்தியாகு திரும்பி வரவே இல்லியாம். இஞ்ஞாசி அவன் பேரையும் எடுக்கல. ஆனா பாட்டு நடுவுல கழுத்து தானா வடக்க திரும்பும். சொந்தத் தங்கச்சி நிக்கா, ஆனாலும் திரும்பும். சாவுற வரைக்கும் திரும்புச்சாம்.

அதான் இன்னைக்கும் கூனித்துறையில "நிக்கியா, போறியா"ன்னு கேக்காம கயித்தத் தொட மாட்டாவ. வட கயித்துல மொத எடம் பொம்பளைக்கு. பாட்டு எடுத்துக் குடுக்கவன் மூணு இழுப்புக்கு ஒருக்க வடக்க திரும்பிப் பாப்பான். ஏம்லே பாக்கன்னு கேட்டுப் பாருங்க. "காத்து பாக்கேன்"ம்பான் பய.