ஒரு பட்டன் அளவு

பன்னு ம்மா, வெறும் பன்னு! கல்லையா முழுங்கினேன்? இத்தனூண்டு பன்னு போயி நெஞ்சுக்குழியில உக்காந்துகிட்டு, இறங்கவும் மாட்டேங்குது, ஏறவும் மாட்டேங்குது... நேத்து சாயங்காலம் பூரா இதே கூத்துதான். கொஞ்சம் நேரா நில்லுங்க. கையைத் தொங்க விடுங்க. ஆங், அப்படியே. கோட்டுக்கு அடிமடிப்பு குத்தும்போது குனிஞ்சு பாக்காதீங்க. நீங்க குனிஞ்சா பின்பக்கம் ஏறிடும், அப்புறம் முன்னாடி நீளம், பின்னாடி குட்டைன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவீங்க. பயப்படாதீங்க, குண்டூசி துணியில மட்டும்தான் போகும். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கடை வெச்சிருக்கேன், ஒருத்தரையும் குத்தினதில்ல. ஒரே ஒருத்தரைத்தான். அவரும் அசைஞ்சாரு.

என்ன சொல்லிட்டிருந்தேன்... பன்னு. உங்களுக்குத் தெரியாதில்ல, எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. எடை குறையறதுக்கு. எட்டு மாசம் ஆச்சு. இரைப்பை இருக்கில்ல, அதோட மேல்பக்கத்தைச் சுத்தி ஒரு பட்டை மாட்டி விட்டிருக்காங்க. ஆஸ்பத்திரியில அதை பேண்டு, பேண்டுன்னுதான் சொல்றாங்க. நம்ம பேச்சுல அப்படிச் சொன்னா வேற அர்த்தம் வந்து தொலையுது, அதனால நான் பட்டைன்னே சொல்லிக்கிறேன். பாவாடைக்கு நாடா கட்டற மாதிரிதான். இறுக்கலாம், தளர்த்தலாம். தோலுக்கு அடியில ஒரு மூடி வெச்சிருக்காங்க, அது வழியா ஊசியில உப்புத்தண்ணி ஏத்தினா பட்டை இறுகும், உறிஞ்சி எடுத்தா தளரும். மேல கொஞ்சூண்டு இடம், அது நெறைஞ்சாப் போதும், விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். யோசனை நல்ல யோசனைதான், நான் ஒண்ணும் குறை சொல்லல.

குறை எங்கன்னா, இறுக்கின ஆளுகிட்ட. டாக்டருக்குத் தையல் தெரியுமா? தெரியாது. நாங்கள்லாம் எதைத் தைச்சாலும் உள்ள ஒரு விரக்கடை துணி விட்டுத்தான் தைப்போம். ஆளு உக்காரணும், எழுந்திருக்கணும், தும்மணும். நான் அன்னிக்கே சொன்னேன், "டாக்டர், கொஞ்சம் விட்டுப் பிடிங்க"ன்னு. "இது பாவாடை இல்லம்மா"ன்னாரு. பாருங்க பேச்சை! திரும்புங்க... இந்தப் பக்கம் ம்மா, ஜன்னல் பக்கம்.

இப்ப அந்தப் பட்டை என்ன பண்ணுதுன்னா, வாசப்படியில உக்காந்த நாத்தனார் மாதிரி உக்காந்திருக்கு. யாரு வந்தாலும் நிறுத்தி விசாரிக்குது. ரொட்டியா, நில்லு. கோழித்துண்டா, நீ யாரு வீட்டுப் புள்ள? முட்டையை மட்டும் நல்ல மூடுல இருந்தா உள்ள விடும். நான் அதுக்கு நாத்தனார்னே பேரு வெச்சுட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக் கோவம், "இதுல என் தங்கச்சியை எதுக்கு இழுக்கறே"ன்னு. நான் பட்டையைச் சொன்னேன், அவரு அவங்க வீட்டு ஆளைன்னு எடுத்துக்கிட்டாரு. அவருக்கே எங்கயோ உறைச்சிருக்கு பாத்தீங்களா?

சிக்கிக்கிச்சுன்னா எப்படி இருக்கும்கறீங்க? நெஞ்சுல யாரோ கட்டை விரலை வெச்சு அழுத்தற மாதிரி. வாயில எச்சி ஊறும் பாருங்க, குழாயைத் திறந்து விட்ட மாதிரி. கண்ணுல தண்ணி கொட்டும். தண்ணி குடிச்சுத் தள்ளலாம்னா அதுவும் கூடாது, மேல வந்து முட்டிக்கிட்டு நிக்கும். இந்த வெட்டற மேஜையைச் சுத்திச் சுத்தி நடப்பேன். சமயத்துல கால் மணி நேரம், சமயத்துல ஒரு மணி நேரம். அப்புறம் ஒண்ணு இறங்கும், இல்ல வந்த வழியே வெளிய வரும்.

போன மாசம் ஒருத்தர் வந்தாரு, ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார். பேண்ட் இடுப்பைப் பெரிசாக்கணும்னு. நான் அப்பதான் ஒரு வாய் சாப்பிட்டுட்டு அவருக்கு டேப் வெச்சேன். வெச்ச நேரம் சிக்கிடுச்சு. கையில டேப், நெஞ்சுல இன்னொரு கை, கண்ணுல பொலபொலன்னு தண்ணி, ஒரு வார்த்தை பேச முடியல. மனுஷன் டேப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, தன் இடுப்பைப் பாத்தாரு. "அழாதீங்கம்மா, நான் குறைச்சிடறேன்"னுட்டுப் போயிட்டாரு! அப்புறம் ஆளே வரல. இப்ப காலையில பூங்காவுல நடக்கறாராம்.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் சிரிப்புதான். ஆனா இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியை நெனச்சா கை ஓட மாட்டேங்குது. அந்தப் பட்டையையே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு. அஞ்சு மணிக்கு முடிவு.

எடுத்தா நிம்மதிதானேன்னு நெனைக்கறீங்க. இல்ல ம்மா. என் தங்கச்சி மூணாவது மாடியில குடியிருக்கா. லிஃப்ட் கிடையாது. அம்பத்தி நாலு படி. நான் அப்ப நூத்திப் பதினெட்டு கிலோ, பன்னெண்டாவது படியில மூச்சு வாங்கி உக்காந்துடுவேன். அதனால ஏறறதையே விட்டுட்டேன். அவளுக்குப் பொண்ணு பொறந்தப்ப, தெருவுல நின்னு போன் பண்ணுவேன். அவ பால்கனியில கொழந்தையைத் தூக்கிக் காட்டுவா. நான் வாங்கிட்டுப் போனது பையில கட்டி கயிறு வழியா மேல போகும். இப்படியே ரெண்டு வருஷம். மொறைப்படி நான் பெரியம்மா. பேருக்கேத்த ஆளு, அதுல தப்பே சொல்ல முடியாது. ஆனா கொழந்தை பேச ஆரம்பிச்சதும் என்னை என்னன்னு கூப்பிட்டுச்சு தெரியுமா? கீழம்மா. நான் தெருவுலயே குடியிருக்கேன்னு நெனச்சிட்டிருக்கு ம்மா! ஒரு நாள் மழை கொட்டும்போது, "கீழம்மா நனையுமா?"ன்னு தங்கச்சிகிட்டக் கேட்டுச்சாம். அவ சிரிச்சுகிட்டேதான் சொன்னா. நான் போனை வெச்சுட்டு ஓன்னு அழுதேன். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்.

இப்ப இருபத்தாறு கிலோ குறைஞ்சிருக்கேன். போன மாசம் ஏறினேன். ரெண்டு எடத்துல நின்னேன், உண்மையைச் சொல்லணுமில்ல. கதவைத் தட்டினா அந்தக் குட்டிதான் வந்துச்சு. என்னைப் பாத்துச்சு. விடுவிடுன்னு பால்கனிக்கு ஓடி கம்பி வழியா தெருவை எட்டிப் பாத்துச்சு, அங்க நான் இருக்கேனான்னு! இல்லன்னதும் திரும்பி ஓடி வந்து காலைக் கட்டிக்கிச்சு. இந்தப் பட்டையை எடுத்துட்டா எடை திரும்ப வந்துடும் ம்மா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். மறுபடியும் நான் தெருவுல நிக்கணும். எனக்குப் பயமா இருக்கு. வீட்ல யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டத்தான் சொல்றேன்.

கையை மடக்குங்க, கைநீளம் பாத்துடறேன். அரை இஞ்சு எடுத்தாப் போதும்.

டாக்டரும் சும்மா சொல்லல. படம் எடுத்துப் பாத்தாரு. படத்துல தெளிவா ஒண்ணும் தெரியலயாம். அப்புறம் என் நோட்டைப் பாத்தாரு. அங்க ஒரு நர்ஸம்மா இருக்காங்க, என்ன சாப்பிடணும், எப்படிச் சாப்பிடணும்னு சொல்றது அவங்க வேலை, சாப்பாட்டு நர்ஸ்னு நான் சொல்லுவேன். அவங்க குடுத்த நோட்டு. ஒவ்வொரு வேளையும் எழுதணும். என்ன சாப்பிட்டேன், வாய் எவ்வளவு பெரிசு, எத்தனை தடவை மென்னேன், சிக்குச்சா இல்லையா. நான் ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். வாய்: பட்டன் அளவு. மென்னது: இருபது. சிக்குச்சா: ஆமா. பக்கம் பக்கமா இதேதான். டாக்டர் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, "இவ்வளவு சின்ன வாய் வெச்சு, இவ்வளவு மென்னும் சிக்குதுன்னா பட்டை எடம் நகர்ந்திருக்கணும், எடுத்துடறதுதான் நல்லது"ன்னுட்டாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! வெளிய பத்து பேரு உக்காந்திருக்காங்க. "நான் இந்த லட்சணத்துல அளவு எடுத்தா என் கடையை எப்பவோ மூடியிருப்பேன் டாக்டர், இறுக்கத் தெரியாம இறுக்கிட்டு இப்ப எடுக்கறேங்கறீங்களே"ன்னு கத்திட்டேன். பாவம், மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. "மன்னிச்சுக்கங்கம்மா"ன்னாரு. பத்து பேரு முன்னாடி. நானும் தலையை ஆட்டிட்டு, மன்னிச்சுட்ட மாதிரி வந்துட்டேன்.

மணி ஒண்ணாச்சா? உங்க பஸ் ஒண்ணே காலுக்குத்தானே, நேரமிருக்கு. வேளைக்குச் சாப்பிட்டாகணும், அது ஒரு சட்டம். நீங்க அசையாதீங்க, ஒரே ஒரு வாய், உங்க முன்னாடியே. கோழி, வேக வெச்சது, ஆறிப்போச்சு. பாருங்க, அளவு தப்பாம சாப்பிடறேனா இல்லையான்னு நீங்களே சாட்சி. இதோ பட்டன், தட்டுப் பக்கத்துலயே வெச்சிருக்கேன், இதைப் பாத்துத்தான் வெட்டுவேன். ம்... நர்ஸம்மா சொல்லியிருக்காங்க... ம்... வாயில இருக்கும்போது... பேசாம... பொறுமையா... ம்ம்...

...

இருங்க...

...

ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... வந்துடுச்சு நாத்தனார்... கொஞ்சம் நடக்கறேன்... ப்ச்... அப்பாடா. இறங்கிடுச்சு. பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்க இல்ல? பட்டன் அளவுதானே வெச்சேன்? இதுக்கு மேல மனுஷி என்ன பண்ணுவா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பட்டன்தான். பட்டன் இல்லாம வேற என்ன இது?

எந்தப் பட்டனா?

கோட்டுப் பட்டன். ஓவர்கோட்டுது. ஏன், இதுவும் பட்டன்தானே? நாலு ஓட்டை இருக்கு பாருங்க. நர்ஸம்மா பட்டன்னாங்க, எந்தப் பட்டன்னு சொன்னாங்களா? தையல்காரிகிட்ட மொட்டையா பட்டன்னா என்ன அர்த்தம்? சட்டைக்கு ஒரு அளவு, பேண்டுக்கு ஒரு அளவு, கோட்டுக்கு ஒரு அளவு. என் டப்பாவுல முப்பது வகை இருக்கு...

இருங்க, முகம் கழுவிட்டு வந்துடறேன், எச்சி வழியுது. இந்தக் குழாய் சத்தத்துல கேக்குதா? சொல்லிடறேன். இப்படி முதுகைக் காட்டிகிட்டே சொல்லிடறேன், மூஞ்சியைப் பாத்தா வராது. நர்ஸம்மா பட்டன்னு சொல்லும்போது தன் சட்டைப் பட்டனைத் தொட்டுக் காட்டினாங்க. வெள்ளைச் சட்டை, சின்னப் பட்டன். நான் பாத்தேன். கடைக்கு வந்து டப்பாவுல கையை விட்டேன், இது கையில வந்துச்சு... வந்துச்சுன்னு சொல்றதும் பொய் ம்மா. டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்தேன். இருக்கறதுலயே பெரிசு. எட்டு மாசமா பசி, என்ன பண்றது சொல்லுங்க? நோட்டுல பட்டன்னுதான் எழுதினேன், பொய் எழுதலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். டாக்டர் ஒழுங்காத்தான் இறுக்கியிருக்காரு. அவரை நிக்க வெச்சுத் திட்டினேனே, அந்த மனுஷன் மன்னிப்பு வேற கேட்டாரே... இப்ப எந்த மூஞ்சியை வெச்சுகிட்டுப் போய்ச் சொல்றது? நீங்களே சொல்லுங்க ம்மா. சொல்லணுமா, வேணாமா?

ம்மா?

எங்க போயிட்டீங்க? ஐயய்யோ, கோட்டோட! ஊசியோட! ம்மா! ஏ ம்மா! பஸ்ல உக்காராதீங்க! நின்னுகிட்டே போங்க! நாளைக்கு வாங்க, தைச்சுத் தரேன்!

போயாச்சு. நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. அப்ப யாருக்கும் தெரியாது. இந்த நோட்டு இப்படியே இருக்கலாம்... இருந்தா சாயங்காலம் பட்டையை எடுக்கறதுன்னே முடிவாயிடும். ச்சே. அந்த நம்பரை எங்க வெச்சேன்... டேப்புக்கு அடியில... ஆங்.

ஹலோ... சாப்பாட்டு நர்... நர்ஸம்மாவா? நான்தான், தையல் கடை. ஆமா, அன்னிக்குக் கத்தினவதான். இல்லல்ல, இன்னிக்குக் கத்தறதுக்குக் கூப்பிடல. ஒரே ஒரு சந்தேகம். நீங்க பட்டன்னு சொன்னீங்களே, அது சட்டைப் பட்டன்தானே? ம். நான் வந்து... ஓவர்கோட்டுப் பட்டன். எட்டு மாசமா. ஆமா, தெரிஞ்சேதான். சிரிக்காதீங்க ம்மா... சரி, சிரிங்க. யாரு? டாக்டர் பக்கத்துலயா? வேணாம் வேணாம், குடுக்காதீங்... வணக்கம் டாக்டர். அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீங்க சரியாத்தான் இறுக்கியிருக்கீங்க. மன்னிச்சுக்கங்க. பட்டையை மட்டும் எடுத்துடாதீங்க டாக்டர், காலைப் பிடிக்கிறேன். என்னது? எடுக்க வேணாமா? சட்டைப் பட்டனை வெச்சு ஒரு மாசம் பாக்கலாமா? இருங்க, உக்காந்துக்கறேன்... நல்லா இருப்பீங்க டாக்டர். சொல்லுங்க, கேளுங்க, எதை வேணும்னாலும் கேளுங்க. சாப்பிடும்போது பேசுவேனாவா?

அதை அஞ்சு மணிக்கு நேர்ல வந்து சொல்றேனே.