பச்சைப் பூட்டும் பகல் சாப்பாடும்

அதட்டாமல் அன்பால் அவையை ஆளும் தலைவர் அவர்களே, இந்த ரொட்டி ஆலையின் ஆணிவேராய் நிற்கும் மூத்தோர்களே, வீட்டை ஒரு கையிலும் வேலையை மறு கையிலும் ஏந்தி வரும் தாய்மார்களே, முகத்தில் படிந்த மாவைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே, பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரமாக இடம் பிடித்திருக்கும் கெட்டிக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் ஓய்வு பெற்ற இந்த அடுப்புக்காரனின் பணிவான வணக்கம்.

என் கையில் தாள்கள் கட்டாக இருப்பதைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டாம். நான் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறவன். பேச்சு சின்னதுதான்.

பாதுகாப்பு நாளில் நாலு வார்த்தை அறிவுரை சொல்லுங்கள் என்றார் தலைவர். அறிவுரை எனக்கு வராது. நடந்ததைச் சொல்லத்தான் வரும். அதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்கிறேன். நம் கையை அறுப்பது எது? கத்தியா? நம் காலை உடைப்பது எது? தரையா? இல்லை, இல்லவே இல்லை! நுரை நிறைந்த தொட்டிக்குள் கத்தி கிடக்காது என்று நம்பிக் கையை விடுகிறோமே, அந்த நினைப்பு அறுக்கிறது. சிந்திய எண்ணெயை இந்நேரம் யாராவது துடைத்திருப்பார்கள் என்று நம்பி நடக்கிறோமே, அந்த நினைப்பு உடைக்கிறது. மனைவி பிளக்கைப் பிடுங்கியிருப்பாள் என்று மிக்ஸிக்குள் விரலை விடுகிறோம். உருளும் நாற்காலி நமக்காக உருளாமல் நிற்கும் என்று நம்பி, அதன்மேல் ஏறி பல்பு மாட்டுகிறோம். அது உருளுவதற்கென்றே செய்த நாற்காலி அல்லவா, ஐயா!

அங்கே ஓர் அம்மா பக்கத்தில் இருக்கும் கணவரை முழங்கையால் இடிக்கிறார். இடியுங்கள் அம்மா, இன்று உங்கள் நாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் ஆலையில் மாவு பிசையும் பெரிய இயந்திரம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் உள்ளே இறங்கிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய இரும்புத் தொட்டி. நடுவே யானைத் தந்தம் போல் இரண்டு இரும்புக் கைகள். சுவிட்சைத் தட்டினால் அவை சுழலும். மாவா, மனிதனா என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவர், முதலில் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு நிறம். பச்சைப் பூட்டு என் தங்கை கணவருடையது.

என் மச்சானை உங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில்தான் இருக்கிறார். மச்சான், தலையைக் குனியாதீர்கள், புகழத்தான் போகிறேன். மறதியில் இவரை வெல்ல ஆள் கிடையாது. இவருக்கு ஆலையில் வைத்த பெயரே 'மறதியார்'. குடையை விட்டுவிட்டு நனைந்துகொண்டே வீடு போவார். மூக்குக் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு என்னிடம் தேடச் சொல்வார்.

ஒருநாள் நண்பகல். அடுத்த மாவு பொங்கிக் காத்திருக்கிறது. சுத்தம் செய்த தூரிகைகள் சுவரோரம் காய்கின்றன. வேலை முடிந்ததாகவே தெரிகிறது. ஆனால் சுவிட்சில் பச்சைப் பூட்டு தொங்குகிறது. ஆளைக் காணோம். சூப்பர்வைசர் தொட்டியின் வாயருகே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கைப்பேசிக்கு அடித்தார்கள். அது இவருடைய அலமாரிக்குள்ளேயே மணியடித்தது. அதையும் மறந்துவிட்டாரா என்று எல்லோரும் சிரித்தார்கள். மறதியார் பூட்டையும் மறந்து, போனையும் மறந்து, சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார் என்று முடிவு கட்டினார்கள். சந்தேகம் யாருக்கு வரும்? ஆள்தான் அப்படிப்பட்ட ஆளாயிற்றே!

பூட்டை வெட்டும் நீளக் கத்தரியைக் கொண்டுவந்தார்கள். நல்ல பூட்டை வீணாக வெட்டுவானேன், சாவியோடு திரும்பி வரச் சொல்லலாமே என்று நான் தங்கைக்குப் போன் போட்டேன். அவர் இன்னும் வரவில்லை என்றாள். பூட்டை மாட்டிவிட்டு மறந்து கிளம்பிவிட்டார் போலிருக்கிறது, வெட்டப் போகிறார்கள் என்றேன்.

அவள் உடனே சொன்னாள்:

"அண்ணே, அவரு குடைய மறப்பாரு, கண்ணாடிய மறப்பாரு, எங்க கல்யாண நாளையே மறப்பாரு. சாப்பாட்டு நேரத்த மட்டும் மறந்ததே இல்ல. இங்க வரலைன்னா அங்கதான் இருக்காரு. பூட்டுல யாரும் கை வைக்க வேணாம்னு சொல்லு."

பெருமக்களே, கத்தரியின் வாய் அப்போது பூட்டின் வளையத்தைக் கவ்வியிருந்தது! நான் கத்திய கத்தல் எனக்கே நினைவில்லை. சூப்பர்வைசர் கத்தரியைக் கீழே போட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே தொட்டிக்குள் இறங்கினார். இரும்புக் கைக்கு அடியில், இருட்டில், இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

மாவும் வியர்வையுமாக வெளியே வந்தார் என் மச்சான். சுரண்டும் தகட்டை உள்ளே மறந்துவிட்டு வந்தவர், அதை எடுக்கத் திரும்ப இறங்கியிருக்கிறார். அங்கே ஒரு மூலையில் காய்ந்த மாவைப் பார்த்து, மல்லாந்து படுத்துச் சுரண்டியிருக்கிறார். அடுப்பு விசிறியின் இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு. மணியும் கேட்கவில்லை, கூப்பிட்டதும் கேட்கவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன, எல்லாரும் கூடி நிக்கிறீங்க? சாப்பாட்டு மணி அடிச்சாச்சா?"

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் அப்படியே ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் போனில் "தங்கச்சி, இருக்காரும்மா" என்றேன். ஓயாமல் பேசும் என் தங்கை "சாப்பாடு ஆறுது, வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றுதான் நம் ஆலையில் புது விதி பிறந்தது. பூட்டியவரின் குரலைக் கேட்காமல் பூட்டைத் தொடக் கூடாது. சிந்தித்துப் பாருங்கள்! குடையை மறந்தவர், கண்ணாடியை மறந்தவர், தகட்டை எடுக்க இறங்கும்போதுகூடப் பூட்டை மறக்கவில்லை. பூட்டு தன் கடமையைச் செய்தது. தடுமாறியது நம் நினைப்பு. ஆள் எப்படிப்பட்டவர் என்பதை வைத்து, ஆள் எங்கே இருக்கிறார் என்று முடிவு கட்டலாமா? கூடாது! அவர் அப்படித்தான் என்று சொல்லி நடக்கலாமா? கூடாது! கேளுங்கள். கூப்பிடுங்கள். குனிந்து பாருங்கள். ஆலையில் கேளுங்கள், அடுப்படியில் கேளுங்கள். கேஸை மூடினாயா என்று மனைவி கேட்டால், நச்சரிக்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. வாய் நிறையப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்வியில்தான் நம் உயிர் பத்திரமாக இருக்கிறது!

பேச அழைத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், கடைசிவரை நழுவாமல் இருந்த கதவோரத்துக் கெட்டிக்காரர்களுக்கும் நன்றி. உடனே இறங்கிவிடுவேன். ஆனால் மேடைப்படியில் மைக் வயர் குறுக்கே கிடக்கிறது. எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். யாராவது அதை ஓரமாக இழுத்துவிட்டு, இழுத்தாச்சு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன்.

கேட்டது. வணக்கம்.