ஒத்துக்கிட்டா உசுரு உண்டு

இல்லக்கா, அங்க உக்காராதீங்க, அந்தச் சுவரு ஒழுகுது. இப்படி வைக்கோல் பக்கம் வாங்க. சங்கிலியத் தரையில இழுத்துக்கிட்டு நடக்காதீங்க, காலப் புண்ணாக்கிரும். சேத்துல நடக்கும்போது பாவாடையத் தூக்கிப் பிடிப்போம்ல, அந்த மாதிரி கையில பிடிச்சுக்கணும். ஆங், அப்படித்தான். இரும்பு போட்டா நம்ம ஆவி வெளிய போயி பிள்ளைங்களக் கிள்ளாதாம், அதுக்குத்தான் இது. எனக்குப் பூட்டும்போது கொல்லன் நெகேமியா, என்ன கெத்தூரா, இறுக்கமா இருக்கான்னு என்னக் கேட்டான். எனக்குச் சரியாத்தான் இருக்கு, என் ஆவிக்குத்தான் கொஞ்சம் இறுக்குதுன்னேன். பாவம், சிரிக்கவும் முடியல அவனுக்கு, ஜெபம் பண்ணவும் தோணல.

மூஞ்சியத் திருப்பிக்காதீங்க எப்சிபா அக்கா. உங்க பன்னி என் பூசணிக்கொல்லையில பூந்ததுலேருந்து நாம பேசறதில்ல, எனக்கும் தெரியும். ஜெபவீட்டுல ஒரே பெஞ்சுல உக்காந்து நீங்க ஜன்னலப் பாத்துப் பாடுவீங்க, நான் தூணப் பாத்துப் பாடுவேன். அது வெளிய இருந்தப்ப. இங்க நாம ரெண்டு பேருதான், என்கூடப் பேசலன்னா எலிகூடத்தான் பேசணும் நீங்க. அதோட நாளைக்கு உங்களுக்கு விசாரணை. இப்ப நான் சொல்றதக் கேக்கலன்னா அப்புறம் கேக்க நேரமிருக்காது.

எதுக்கு உங்களப் பிடிச்சாங்கன்னா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. யாரத்தான் எதுக்குன்னு பிடிச்சாங்க? போதகர் வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் மேசைக்கடியில பூந்து நாய் மாதிரி குலைச்சுதுங்க. வைத்தியருக்கு என்ன நோவுன்னு பிடிபடல. எனக்குத் தெரியலன்னு சொன்னா அடுத்த வீட்டுல யாரு கூப்பிடுவா? சூனியம்னுட்டாரு. சூனியம்னா வச்சவ ஒருத்தி வேணும்ல. முதல்ல பிச்சையெடுத்தவளப் பிடிச்சாங்க. அப்புறம் ஜெபவீட்டுக்கு ஒழுங்கா வராதவ. அப்புறம், எல்லைக்கல்லுத் தகராறு, வெண்ணெய் திரளாத வீடு, சண்டை போட்ட மறுவாரம் எதிராளி மாடு செத்ததுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. வடக்க சண்டையில வீடு எரிஞ்சு ஓடியாந்த சனம் வேற ஊரு முழுக்க. அதுங்களுக்கு மரம் அசைஞ்சாலே பிசாசு. பயந்த ஊருக்கு யாரயாவது பிடிச்சாத்தான் தூக்கம் வருது.

உங்களச் சொன்னது அந்தக் குலைச்சதுங்கள்ல மூத்தவ, பேஷன்ஸ் பொண்ணு. நீங்க உத்திரத்துல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருந்தீங்களாம். சிரிப்புதான் வருது எனக்கு. முழங்கால் வலிக்குதுன்னு ஜெபவீட்டுல பாட்டுக்கு எந்திரிக்கவே நீங்க பெஞ்சப் பிடிப்பீங்க, உத்திரத்துல எங்க ஏற?

நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்றேன், பயந்துராதீங்க. நீங்க உள்ள போனதும் அவ கீழ விழுந்து வெட்டி வெட்டி இழுப்பா. உங்களக் கூட்டிப் போயி அவ கையத் தொடச் சொல்லுவாங்க. தொட்டதும் இழுப்பு நின்னுரும். உங்க விஷம் உங்களுக்கே திரும்பி வந்துருச்சாம், அதனால நீங்க சூனியக்காரி. தொடமாட்டேன்னு சொன்னீங்கன்னா, பயந்துட்டா, அப்பவும் சூனியக்காரி. நான் தொட்டப்போ கொஞ்சம் அழுத்தித் தொட்டேன். ஆ வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. பாஸ்டன்லேருந்து வந்த நீதிபதிங்க அதையும் எழுதிக்கிட்டாங்க.

ஆனா ஒரு வழி இருக்குக்கா. ஒரே வழி. ஒத்துக்கிடணும்.

தெரியும், தெரியும். பொய் சொல்ல மாட்டீங்க. உங்க நாக்கு பொய்க்கு வளையாதுன்னு ஊருக்கே தெரியும். யூனிஸ் அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழம பிரசங்கம் தவறவிடாத மனுஷி, நான் குத்தமில்லாதவன்னு ஒரே வார்த்தைய சொல்லிக்கிட்டு நின்னாங்க. குன்னு மேல கொண்டுபோயி தொங்கவிட்டாங்க. நான் பிசாசோட சுத்துனேன்னு சொன்னேன், பாருங்க, கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒத்துக்கிட்டவ மனந்திரும்புன ஆத்துமாவாம், அவளத் தூக்குல போட இவங்களுக்கு மனசு வராது. மறுக்குறவதான் பிசாசு பிடியில இருக்காளாம். இந்த நியாயத்த உண்டாக்குனவங்க எல்லாம் படிச்சவங்கக்கா, நாம என்ன சொல்ல?

ஒத்துக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. பிசாசு எந்த ரூபத்துல வந்தான்னு கேப்பாங்க. நான் கன்னுக்குட்டின்னேன். என்ன நிறம்னாங்க, செவலைன்னேன். பிசாசு கூட்டத்துக்கு எப்படிப் போனீங்கன்னாங்க, கம்பு மேல ஏறிப் பறந்தோம், காத்துல என் தொப்பி போயிருச்சுன்னேன். தொப்பி எங்க விழுந்துச்சுன்னு ஒருத்தரு தீவிரமா கேக்குறாரு! அப்புறம் கூட்டத்துல சாப்பாடு உண்டான்னாங்க. ரொட்டி குடுத்தான், உப்பு பத்தலன்னு வாயில வந்தத சொன்னேன். சபையே கப்சிப்புனு ஆயிருச்சு. பிசாசோட விருந்துல உப்பு இருக்காதுன்னு அவங்க புத்தகத்துலயே போட்டிருக்காம். நான் என்னத்தக் கண்டேன்? வாழ்க்கையில முதல் தடவையா நான் சொன்னத இவ்வளவு ஆம்பளைங்க வாய் மூடிக் கேட்டது அன்னைக்குத்தான்.

அப்பாடா, சிரிச்சுட்டீங்க. உங்க பல்லப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

சிரிக்கும்போதே சொல்லிடறேன். உங்க சின்னவன் கிதியோனு இப்பத்தான் நடக்குறான். சுவரப் பிடிச்சுப் பிடிச்சு வந்து நிலைப்படியில நிக்கிறத வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானும் பாத்திருக்கேன். எனக்குப் புள்ள இல்ல, புருஷனும் போயிட்டாரு, நான் போனா பூசணிக்கொடிதான் அழணும். உங்களுக்கு அப்படியில்ல. உங்க நாக்கு வளையாத பெருமைய அவன் வளந்து என்ன பண்ணுவான்? அவனுக்கு அம்மாதான் வேணும்.

ஆமா. அது ஒண்ணுதான் சிக்கல். கூட யாரு வந்தான்னு கேப்பாங்க. பேரு சொல்லாம விடமாட்டாங்க. அதுக்குத்தான் யோசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களப் பத்தி நீங்க பொய் சொல்றது உங்க பாடு, அடுத்தவ கழுத்துல கயித்த மாட்டுறது வேற. நானும் அதத்தான் நினைச்சேன். எனக்கு முதல்ல அதிர்ஷ்டம். இருட்டுக்கா, எல்லாம் முக்காடு போட்டிருந்தாங்கன்னு சொல்லிச் சமாளிச்சேன். இப்பல்லாம் முக்காடு செல்லாது.

அதனால என் பேரச் சொல்லுங்க.

ஏன் முறைக்கிறீங்க? உரியவளே சொல்றேன், அப்புறம் என்ன? கெத்தூராதான் கம்புல முன்னாடி உக்காந்திருந்தா, நான் பின்னாடி உக்காந்தேன்னு சொல்லுங்க. ஒட்டுறவில்லாத ரெண்டு பேரும் ஒரே கம்புல போனாங்கன்னா பிசாசு வேலைதான்னு உடனே நம்பிருவாங்க. வேற யாரும் இருந்தாங்களான்னா, கெத்தூரா மறைச்சுக்கிட்டு இருந்தா, தெரியலன்னுருங்க.

எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. ஆகவேண்டியது ஆயிருச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி, காலையில என்னக் கூட்டிட்டுப் போனாங்க. நான் சொன்னதெல்லாம் பொய், கன்னுக்குட்டியும் இல்ல கம்பும் இல்லன்னு சொல்லிக் கைநாட்டு வச்சுட்டு வந்துட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை குன்னுக்கு வண்டி. பயமா இருக்கான்னா, இருக்கு. அதான் இவ்வளவு பேசிக்கிட்டு இருக்கேன்.

பைத்தியம்லாம் இல்ல. வேற வழி விடல அவங்க. பிசாசு கூட்டத்துல இன்னாரப் பாத்தேன்னு கை வச்சாத்தான் ஒத்துக்கிட்டது செல்லும்னுட்டாங்க. பேர அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. உனக்கும் அவளுக்கும் ஆகாதே, உனக்கென்ன கஷ்டம்னு ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உங்க பேருதான்க்கா.

அட, விடுங்க. மூக்க சிந்துங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ஒருதரம் சொல்லிப் பாத்துருவோம். நான் நீதிபதி. கூட யாரு வந்தா? கேக்கல, சத்தமா. பின்வரிசைக்குக் கேக்கணும். ஆங், கெத்தூரா. கெத்தூராவேதான். இன்னொரு தடவ சொல்லுங்க, அழாம.