போனில் சொல்லாத சேதி

ஹலோ... மெப்ராட்டா? அக்காடி, அஸ்மாராவிலேர்ந்து... ஆமா ஆமா, நல்லா கேக்குது... பூசைக்குக் கிளம்பிட்டியா? செருப்பைக் கழட்டு. ரோம்ல இருக்கற மாதா ஒரு ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்காம இளைச்சா போயிடுவா...

சும்மாதான் கூப்பிட்டேன்... இங்க என்ன, காப்பிக்குச் சர்க்கரை இல்ல, கசப்பாவே குடிக்கிறோம்... ஆமா, ப்ளேன் வந்து குண்டு போட்டுச்சு, வீட்டுப் பக்கம் இல்ல... எதிர்வீட்டு சாரோன் திரும்பி வந்துட்டா. எத்தியோப்பியாக்காரன் ஒரு பையோட பஸ்ல ஏத்தி விட்டுட்டான். புருஷன் அந்த நாட்டு ஆளு, அங்கயே நிக்கறான். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல போன் லைனையும் அறுத்துட்டாங்க. நேத்து வரைக்கும் சம்பந்திங்கடி...

நம்ம ஆளுங்க மட்டும் என்ன. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக்கூட லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டா துரோகியாம். முப்பது வருஷம் சண்டை போட்டு வாங்கின நாடு, இன்னும் பால் பல்லுகூட விழல...

பெரெகெத்தா... உன் புள்ள சொரோனா எல்லையிலதான்... கடுதாசியா, போர்முனைக்குத் தபால்காரன் எங்க போவான்...

வைக்காதே. வைக்காதேடி... முழங்கால் வலி எப்படியிருக்கு... நான் எங்க அழறேன், சளி...

யாரு... கதவு தட்டறாங்களா... எத்தனை பேரு... நம்மூரு அஸ்மெரெத்தும் இருக்காளா... எல்லாம் வெள்ளைச் சால்வையா...

மெப்ராட். எங்கிட்ட கேக்காதே. அது போன்ல சொல்ற சேதியாடி? விடியக்காலைல நம்ம சனம் கூடிவந்து, கையைப் புடிச்சு உக்காரவெச்சு சொல்றது. அங்க உனக்கு யாரு இருக்கா, நான்தான் அவங்களை வரச் சொன்னேன். ஆறு மணிக்கே வரேன்னாங்க, பஸ் கிடைக்கல போல. நீ கிளம்பிடுவியேன்னு பேச்சுக் குடுத்தேன்...

சர்க்கார் எங்கடி போர்முனையில போனவங்க பேரைச் சொல்லுது. அவன்கூட இருந்த பையன் ஒத்தைக் காலோட வந்து சொன்னான்...

திறக்க மாட்டியா... திறக்காம இருந்தா அவன் இருப்பானா, கண்ணு. நானும் மூணு நாள் வாயைத் திறக்காமதான் இருந்து பாத்தேன்...

ம்... போனை மேசைமேல வெச்சிட்டுப் போய்த் திற. நான் லைன்லயே இருக்கேன்...

ஹலோ... அஸ்மெரெத்தா... உக்காந்துட்டாளா... ரெண்டு பக்கமும் ஆள் இருக்கா... கையைப் புடிச்சுக்கோங்க...

இப்ப சொல்லுங்க. நான் வெச்சிடறேன்.