விற்ற மாட்டை இரவல் கேட்டவள்

கிரானிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் முப்பத்தொரு பேர் இருந்தோம். திறக்கக்கூடிய யன்னல்கள் நான்குதான். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"வித்த மாட்டை ஒரு கிழமைக்கு இரவல் தாங்க எண்டு கேட்டிரிக்கன் மச்சாள்," என்றாள் யன்னலோரம் இருந்தவள்.

மற்றவள் சிரித்தாள். "மாட்டை இரவல் கேட்ட ஆள் நீதான்கா. என்னத்துக்கு?"

"கோடை கடுமையா இரிக்கும், பட்டியக் குறையுங்க எண்டு மாட்டுக்காரர் கூட்டத்தில சொன்னாங்க. நல்ல கதைதானே. கிழட்டுச் சிவலைப் பசுவ வித்தன். அவவிட்ட பாலும் இல்ல."

"பிறகென்ன?"

"குளம் வத்திப்போச்சு. முந்தியெல்லாம் வத்தினா அவதான் முன்னால நடப்பா, மத்ததுகள் பின்னால போகும். காட்டுக்குள்ள எங்கயோ ஒரு மடுவில குடிச்சிட்டு, பின்னேரம் வயிறு நிறைஞ்சு வருங்கள். அது எந்த மடு எண்டு நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கல்ல."

"இப்ப?"

"மிச்சம் பதினாலும் காஞ்ச குளத்துக்குள்ள நிண்டு, அவ வருவா எண்டு வழி பார்க்குதுகள். அதில ரெண்டு படுத்திட்டு, எழும்புதில்ல."

"வாங்கினவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். ஏறாவூரிலதான் நிக்குது, வந்து கேளுங்க எண்டார்."

"எப்ப?"

"முந்தாநாள். நேத்திலிருந்து போனை எடுக்கிறார் இல்ல."

மற்றவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஏறாவூருக்கு இன்னும் மூன்று தரிப்பிடம் இருந்தது. யன்னலோரம் இருந்தவள் எழுந்துபோய் வாசற்படியில் நின்றாள்.