அரை மூச்சு

சோடா வேண்டாம் சேர். குளிர்ந்தது குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். சுடுதண்ணீர் இருந்தால் ஒரு தம்ளர் போதும். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இந்தப் பத்தியமெல்லாம் பழகிப்போனது.

என் பெயர் பத்மாவதி. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மாடி வீட்டில் இருக்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் தெரிந்திருக்கும். பல்பொடி, சேலைக்கடை, கோதுமை மா என்று தமிழ் வானொலி விளம்பரங்களில் பாதி நான்தான். மொழிபெயர்ப்பாளர் ஐயா சிரிக்கிறார், பாருங்கள். அவர் வீட்டிலும் அந்தப் பல்பொடிதான் போலிருக்கிறது.

கிளறன்ஸைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். கொட்டாஞ்சேனையில் தாயாரின் வீட்டுப் பின்னறைச் சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டி, அதற்குள் ஒலிப்பதிவு செய்கிற பெடியன். குழந்தைச் சவர்க்கார விளம்பரம் ஒன்றுக்காக அங்கே போய், “கை கொட்டி ஆடு கண்ணே” என்று சொன்னேன். ‘கொட்டி’க்கும் ‘ஆடு’வுக்கும் நடுவில் அரை மூச்சு விட்டேன். அந்த அரை மூச்சில்தான் குழந்தை சிரிக்கும். எல்லாருக்கும் அது வராது. என்ன செய்வது, சவர்க்காரம் கடைக்கே வரவில்லை, விளம்பரமும் கிடப்பில் போனது.

கொஞ்ச நாளில் கிளறன்ஸ் வீடு தேடி வந்தான்.

“அன்ரி, உங்கட அந்தக் குரலக் கொம்பியூட்டரில போட்டு ஒரு டான்ஸ் பாட்டுச் செய்யவோ?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாராளமாகச் செய் என்றேன்.

அவன் என் அரை மூச்சை வெட்டினான். ‘கை’யையும் ‘கண்ணே’யையும் ‘ஆடு’வின் ‘டு’வையும் வெட்டினான். மிச்சத்தை ஒட்டி, கீழே மெஷின் மேளத்தை இடிக்கவிட்டு ஓடவிட்டான். கொட்டியா, கொட்டியா, கொட்டியா. அவ்வளவுதான் பாட்டு.

அது எப்படிப் பிடித்தது என்று உங்களுக்கே தெரியும். காலி வீதி பஸ்ஸெல்லாம் அதுதான், மருதானைக் கடைகளெல்லாம் அதுதான். சிங்களக் கலியாண வீடுகளில் மாப்பிள்ளையே கோட்டைக் கழற்றிவிட்டு ஆடினாராம். சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி. இந்த நாட்களில் அது எந்தப் புலி என்று இந்தக் கட்டடத்தில் இருந்துகொண்டு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவரும் கவனிக்கவில்லை. சிங்களவர் அதைத் தமிழ் என்று நினைத்து அர்த்தம் பார்க்கவில்லை. தமிழர் அர்த்தம் தெரியும் என்று நினைத்து வேறு அர்த்தம் பார்க்கவில்லை. நான் முதல் தரமே கவனித்தேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு ஊரே ஆடும்போது யாராவது போய்க் குழப்புவார்களா?

பிறகு வீடியோ வந்தது. தொலைக்காட்சியில் போடுகிற நாள் நான் நீலப் பட்டுச் சேலை உடுத்தி, எதிர்வீட்டு நளீபாவையும் ஒழுங்கைப் பெண்கள் சிலரையும் கூப்பிட்டு, ரோல்ஸ் பொரித்து வைத்துக் காத்திருந்தேன். திரையில் ஒரு மெலிந்த பிள்ளை, ஊர் மட்டக்குளியாம், கடற்கரைத் தண்டவாளத்தில் நின்று இடுப்பை வெட்டினாள். வாயைத் திறந்தாள், என் குரல் வந்தது. அடியில் எழுத்து ஓடியது: பாடியவர் பேர்ணடெற்.

நளீபா தேநீரை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: “இந்தப் புள்ளட கொரல் உங்கட கொரல் மாதிரியே ஈக்கி.”

பாராட்டாகத்தான் சொன்னாள். எல்லாரும் போனபிறகு ரோல்ஸ் தட்டைக் கழுவிக்கொண்டே நான் அழுதேன்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கேட்டேன். கிளறன்ஸ் என்னைக் கதிரையில் இருத்தி மரியாதையாகத்தான் கதைத்தான்.

“கோவிக்காதீங்க அன்ரி. பத்மாவதி எண்டு பேர் போட்டா சனம் சாமிப் பாட்டெண்டு நினைச்சிரும்.”

தாயாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். தந்த தேநீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் உங்கள் சோதனைச் சாவடி ஒன்று இருக்கிறது. அங்கே அடையாள அட்டை பார்க்கிற தம்பியின் கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டுத்தான் மணி. நான் பஸ்ஸால் இறங்கி வர அது அடித்தது. நல்ல சிங்களத்தில் கேட்டேன், அதில் என்ன சொல்கிறது என்று தெரியுமா தம்பி என்று. தெரியாது அக்கே, ஆட நல்லது என்றார். ஒருக்கால் வடிவாகக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். பாவம், ஒரு மாதமாக ஆடிய பாட்டு. முகம் வெளிறிப்போனது.

நான் சொன்னது அவ்வளவுதான். யார் செய்தது என்று அவர் கேட்டபோது விலாசத்தைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை.

நீங்கள் கிளறன்ஸைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு அவன் தாய் என்னிடம்தான் ஓடி வந்தார். “நீங்க நல்லாச் சிங்களம் கதைப்பீங்க, ஒருக்காக் கூட வாங்க மிஸிஸ்” என்று கையைப் பிடித்தார். வந்தேன். இதோ இந்த வாங்கில்தான் இருந்தோம், அன்றைக்கு இந்த மொழிபெயர்ப்பாளர் ஐயா லீவு. “என்ட பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது” என்று அவர் அழுதார். என் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் உங்களுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அழுகைக்கு நடுவில் சொன்னதை அப்படியே கொண்டுவருவது இலேசான வேலை இல்லை.

வெட்டாத அந்தச் சவர்க்கார ஒலிப்பதிவு என் அலுமாரியில் இருந்தது. அதைப் போட்டுக் கேட்டால் அது கை கொட்டுகிற கொட்டிதான் என்று எவருக்கும் விளங்கியிருக்கும். நீங்கள் கேட்டிருந்தால் தந்திருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைக்கு நானாக வந்ததற்குக் காரணம் நேற்றைய பத்திரிகை. பேர்ணடெற்றையும் பிடித்துவிட்டீர்கள். முன்பக்கத்தில் பெரிய படம், கீழே ‘நாட்டையே ஆட்டிய குரலுக்குச் சொந்தக்காரி’ என்று. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அறியாப் பிள்ளை, செய்யாத ஒன்றை எப்படி அதன் தலையில் கட்டலாம்? ‘ழ’ கூட வராத பிள்ளை அது. அவளுக்காகத்தான் வந்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை. கிளறன்ஸின் விஷயம் வேறு, அதில் நான் தலையிடவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குரல் என்னுடையது. சாவடியில் சொன்னதும் நான்தான், அதைக் கீழே எங்கேயாவது சின்னதாக எழுதினால் போதும். பெயரில் எழுத்துப் பிழை வேண்டாம். படம் எடுப்பீர்கள் என்று நினைத்து நீலச் சேலையைத்தான் உடுத்தி வந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். தொண்டை இளகிவிட்டது. அரை மூச்சு விடமாட்டேன் சேர், பாட்டில் வந்த மாதிரியே சொல்கிறேன்.