முப்பது நாள் மேளம் ஓயட்டும்

கடலோரச் சபையின் இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் போதகர் ஆர்மா அவர்களே! தலையில் நரை ஏறியும் நம்பிக்கையில் நரை ஏறாத மூப்பர் பெருமக்களே! வெள்ளுடை உடுத்தி, விசிறி அசைத்து, "இவன் எப்போது முடிப்பான்" என்று இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்ட தாய்மார்களே! என் மேளத்துக்கு ஆடி ஆடியே செருப்பைத் தேய்த்த பாடகர் குழுத் தோழர்களே! கதவோரம், கடைசி வரிசையில், காலில் ஒட்டிய சாம்பலோடு வந்து அமர்ந்திருக்கும் அயிக்கலே அம்மா அவர்களே! இந்தச் சபையின் மேளக்காரன் ஒக்காய் லான்டே உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அடிக்கத் தெரிந்தவனைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு என்ன? "ஊராருக்கு நற்செய்தியை எப்படிக் கொண்டுசெல்வது?" நல்ல தலைப்பு. ஆனால் இன்று உங்கள் மனத்தில் ஓடுவது அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை ஊர்ப் பூசாரிகள் சோளம் விதைக்கிறார்கள். அன்று தொடங்கி முப்பது நாள், இந்தக் கரையில் எவரும் மேளம் கொட்டக் கூடாது. முளைவிடும் பயிருக்கு அமைதி வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கம், கா இனத்தாராகிய நம் மக்களின் வழக்கம். "நாம் கர்த்தரின் பிள்ளைகள், நமக்கு எதற்கு அந்தத் தடை? கொட்டுவோம்!" என்று நம்மில் பாதிப் பேர் கையெழுத்திட்ட தாள் தலைவரின் மேசைமேல் கிடக்கிறது. முடிவு இன்று எடுக்க வேண்டும்.

நான் சொல்கிறேன்: கொட்டக் கூடாது!

என்ன, முணுமுணுப்பு கேட்கிறது? "மேளத்தை நிறுத்தினா விசுவாசத்தையே நிறுத்தின மாதிரி" என்கிறாரா தம்பி போர்ட்டே? சரி தம்பி, உட்கார். போன வருடம் நானும் இதே இடத்தில் நின்று இதையே சொன்னேன். உன்னைவிட உரக்கச் சொன்னேன்!

சொன்னது மட்டுமா? செய்தும் காட்டினேன். தடை தொடங்கிய இரண்டாவது ஞாயிறு, காலை ஆராதனை. மேளத்தை வழக்கமான இடத்திலிருந்து நகர்த்திக் கிழக்குச் சன்னலோரம் போட்டேன். ஏன்? வெளியே கேட்க வேண்டும் என்பதற்காக! தோல் சூடேற, தோள் வலிக்க, ஒன்றரை மணி நேரம் அடித்தேன். நீங்கள் ஆடினீர்கள், ஆர்ப்பரித்தீர்கள், என்னைத் தூக்கித் தோளில் வைத்தீர்கள். "ஜெயித்துவிட்டோம்!" என்றோம். யாரை ஜெயித்தோம்? சன்னலுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று எட்டிப் பார்த்தோமா? நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அறுவடை விழா அழைப்புத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சன்னலை ஒட்டிய முதல் முற்றம் அயிக்கலே அம்மாவுடையது. அடுப்பில் மீன் புகைந்துகொண்டிருந்தது. தாளை நீட்டினேன். வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மடித்தார். அடுப்புக்குள் போட்டார்.

"அம்மா, அது கடவுளோட வார்த்தை" என்றேன்.

"தெரியும்டா. போன மாசமே காது கிழியக் கேட்டேனே. இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"நாங்க யாருக்கும் பயந்து அடங்கிப் போறவங்க இல்லம்மா..."

"நீ யாருக்கும் பயப்பட வேணாம். என் புருஷன் தவியா எந்த ஞாயித்துக்கிழமை செத்தாரு தெரியுமா உனக்கு?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு படகோட்டி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தது எனக்குத் தெரியாது!

"உள்ள படுத்திருந்தாரு. நான் இங்க அடுப்புல நின்னேன். அவரு கூப்பிட்டா இங்க கேக்கும், எப்பவும் கேக்கும். இந்த முப்பது நாள் ஊரே சத்தமில்லாம இருக்கும், அவரு நல்லா தூங்குவாருன்னு நான் நாள் எண்ணிட்டிருந்தேன். அன்னைக்கு அவரு கூப்பிட்டாராம்டா. பக்கத்துல இருந்த என் பேத்தி சொல்றா, நாலு தடவை கூப்பிட்டாராம். அவளும் கத்தினாளாம். எனக்கு உன் மேளம்தான் கேட்டுது. நான் மீனைத் திருப்பிட்டு உள்ள போனப்ப ஆள் இல்ல."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். இந்த மேடையில் எத்தனையோ பேச்சாளர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

"உன் சாமிக்கு வாய் மட்டும்தானா ஒக்காய்? காது கிடையாதா?"

என் அன்புச் சபையே! பதில் சொல்லுங்கள் பார்ப்போம்! நம் கடவுளுக்குக் காது இல்லையா? அழுகிறவன் குரலை அவர் கேட்கிறார் என்றுதானே நாம் பாடுகிறோம்? அதை அறிவிக்கத்தானே மேளம் கொட்டினேன்? நான் கொட்டிய மேளத்தாலேயே ஒரு மனிதனின் கடைசிக் குரல் அவன் மனைவிக்குக் கேட்காமல் போயிற்றே! அதற்குப் பெயர் நற்செய்தியா?

மறுநாள் கரைவலை இழுக்கப் போனேன். அழைப்புத் தாள் இல்லாமல், வெறுங்கையோடு. கயிற்றைப் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்றவன் நாலடி தள்ளிப் போனான், பின்னால் நின்றவனும் தள்ளிப் போனான். அவ்வளவு பெரிய கயிற்றில் நான் மட்டும் தனி. "மேளக்காரரே, கயித்தையும் கொட்டிடாதீங்க" என்று சிரித்தார்கள். இழுத்தேன். செவ்வாய்க்கிழமை நம் கரை வழக்கப்படி கடலுக்கு ஓய்வு, யாரும் வலை வீசுவதில்லை. புதன் மறுபடி இழுத்தேன். ஆறு வாரம் ஆயிற்று, அந்த நாலடி மூன்றாகி, இரண்டாகி, ஒருவன் தோள் என் தோளில் இடிக்க. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி நீங்கள் என்னைத் தூக்கிய நாளில்கூட வரவில்லை!

என் பங்கு மீனை அயிக்கலே அம்மாவின் அடுப்புக்கே கொண்டுபோனேன். முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கி, "உப்புப் போடத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆம்பளை" என்று திட்டினார். திட்டு வாங்கியவனுக்கு விறகு பிளக்கும் உரிமை தானாக வந்தது. ஒருநாள் புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையைப் பிட்டுக் கையில் வைத்துவிட்டு அவராகவே கேட்டார்: "சரி, சொல்லு. உன் சாமி செத்தவங்களை என்ன பண்ணுவாரு?"

நண்பர்களே, நான் கேட்க வைக்கவில்லை. அவர் கேட்டார்! ஒன்றரை மணி நேர மேளத்துக்கு வராத கேள்வி, ஓராண்டு விறகுக்கு வந்தது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவர் நம் சபையில் சேர்ந்துவிட்டாரா என்று சிலர் கழுத்தை நீட்டுகிறீர்கள். இல்லை! இன்று வரச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? "என்னை மாத்தக் கூப்பிட்டா வரமாட்டேன். நீங்க மாறுறீங்களான்னு பாக்க வரேன்."

வந்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை நாம் கொட்டினால் அந்தக் கதவை நாமே அறைந்து சாத்துகிறோம்!

என் விசுவாசத்தில் ஒரு விரல்கடைகூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. சோளம் முளைப்பது எவரால் என்பதில் எனக்கு ஐயமில்லை. கை தட்டிப் பாடுவோம், நம் சுவருக்குள் அடங்கும் அளவு. அந்த முப்பது நாளும் கரைக்குப் போவோம், கயிறு பிடிப்போம், சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு அறிவோம். பேசியது போதும், இனிக் கேட்போம்!

இதோ, என் மேளக்கோல்கள். தலைவர் மேசையில் இவற்றை வைக்கப் போவதில்லை. இறங்கி வருகிறேன், வழி விடுங்கள்... அயிக்கலே அம்மா, முப்பது நாளைக்கு இவை உங்களிடம் இருக்கட்டும். முடிந்ததும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள், சபை கேட்கட்டும்.

"விறகு தீர்ந்துபோச்சுன்னா அடுப்புல வெச்சிடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அம்மா, வாங்கிக்கொண்டீர்களே, அது போதும். தீராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நாளைக் காலை விறகோடு வருகிறேன். தம்பி போர்ட்டே, நீயும் கோடரி எடுத்துக்கொண்டு வா.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. கர்த்தரின் சமாதானம் இந்தச் சுவருக்கு இருபுறமும் தங்குவதாக. வணக்கம்.